துடைத்த ஈரம்

அந்தப் பெயிண்டரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அவருக்கே திரும்பிப் பார்க்கத் தோன்றாது. 'காஞ்சாச்சா' என்று கூப்பிட்டால்தான் திரும்புவார். முப்பது வருஷமாக எந்தப் புது வீட்டுக்குள் நுழைந்தாலும் அவர் வாயிலிருந்து வரும் முதல் வார்த்தை அதுதான். "செவுரு காஞ்சாச்சா?" வீட்டுக்காரரை நலம் விசாரிப்பதும், குடிக்கத் தண்ணீர் கேட்பதும் அதற்கப்புறம்தான்.

சிமெண்டு பூசிய புதுச் சுவர் மேலுக்குக் காய்ந்த மாதிரிதான் தெரியும். உள்ளே ஈரம் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கும். ஒரு மாதமாவது அது காற்று வாங்க வேண்டும், மழைக்காலம் என்றால் இன்னும் கூட. அந்தப் பொறுமை வீடு கட்டுகிறவர்களுக்கு எங்கே இருக்கிறது? "அதெல்லாம் காஞ்சிடுச்சுப்பா, தொட்டுப் பாரு" என்பார்கள். இவர் தொட்டுப் பார்க்கிற ஜாதி இல்லை. ஒரு முழச் சதுரத்துக்குப் பாலிதீன் தாளை வெட்டி, நான்கு ஓரமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டிவிட்டுப் போய்விடுவார். மறுநாள் காலை வந்து பார்ப்பார். தாளின் உள்பக்கம் வியர்த்து நீர் கோத்து நின்றால், சுவர் இன்னும் காயவில்லை என்று அர்த்தம். "செவுரு மூச்சு விடுது. இப்பப் போய் வாயை மூடினா நாளைக்குத் துப்பிடும்" என்று சொல்லிவிட்டு, டேப்பைப் பிய்த்துச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார். ஒரு பல் டாக்டர் காரே அனுப்பிக் கூப்பிட்டார். கார் காலியாகத் திரும்பிப் போயிற்று.

டீக்கடைக்காரர் கிளாஸைக் கழுவிக் கவிழ்த்தபடியே, "அண்ணே, கிளாஸ் இன்னும் காயல. ஊத்தலாமா, இல்ல அடுத்த மாசம் வர்றீங்களா?" என்று கேட்பார். கடையே சிரிக்கும். பெயிண்டரும் சிரிப்பார். உள்ளூர அவருக்கு அதில் பெருமை. அந்தக் கேலியைக் கண்ணாடி போட்டு மாட்டிய சான்றிதழ் மாதிரி வைத்திருந்தார்.

அப்பேர்ப்பட்ட மனிதர் தன் கூடப்பிறந்த தங்கை வீட்டுச் சுவரில் ஈரத்தோடு பெயிண்ட் அடித்தார் என்றால் யார் நம்புவார்கள்? ஒருவரும் நம்பவில்லை. வினையே அங்கேதான் ஆரம்பித்தது.

தங்கையின் கணவர் கொத்தனார். சாது. பேச்சைக் காசு கொடுத்து வாங்க வேண்டும் என்பதுபோல் பேசுவார். வாடகை வீட்டுக்காரர் திடீரென்று காலி பண்ணச் சொன்னபோது அவர்களுடைய சொந்த வீடு அஸ்திவாரத்துக்கு மேல் இடுப்பளவு எழுந்திருந்தது. தங்கை தயங்கித் தயங்கி வந்து நின்றாள்.

"ரெண்டே மாசம்ணே. கூரை போட்டதும் போயிடுவோம்."

"ரெண்டு வருஷம்னாலும் இரு. யாரு வீடு இது? உன் வீடு" என்றார் பெயிண்டர். அன்றைக்கு அதை மனதாரத்தான் சொன்னார்.

இரண்டு மாதம் ஏழு மாதம் ஆயிற்று. வீடு கட்டுகிற விஷயத்தில் இது எல்லா இடத்திலும் நடக்கிற கதைதான். ஆனால் பெயிண்டர் வீடு இரண்டு அறையும் ஒரு சமையல்கட்டும் ஒரே ஒரு குளியலறையும் கொண்ட வீடு. மகன் வேலைக்கு வெளியூர் போனபின் அவரும் மனைவியும் மட்டும் கை காலை நீட்டிப் பழகிவிட்டிருந்தார்கள். இப்போது ஆறு பேர். காலையில் கொத்தனார் பல் துலக்கினால் தெருமுனை வரை கேட்கும். பேச்சில் சேமித்ததை எல்லாம் தொண்டையைக் காறுவதில் செலவழிக்கிற மனிதர். தங்கை சமையல்கட்டு டப்பாக்களைத் தன் கணக்குப்படி இடம் மாற்றிவிட்டாள். சர்க்கரை வேண்டுமென்றால் நாலு டப்பாவைத் திறக்க வேண்டியிருந்தது. தங்கையின் மகள், பத்து வயசு, பாடத்தை உரக்கப் படித்தால்தான் மண்டையில் ஏறும் என்கிற ரகம். மகன், ஆறு வயசு, அக்கா படிக்கிறதை அதைவிட உரக்கத் திருப்பிச் சொல்லுவான். பெயிண்டரின் நாற்காலியில் எப்போது பார்த்தாலும் யாருடைய ஈரத்துண்டாவது காய்ந்துகொண்டிருக்கும். குளியலறைக் கதவுக்கு முன்னால் வாளியோடு நிற்பதே அவருடைய காலை நேரத்து வேலையாகிவிட்டது.

அவர் மனைவியிடமாவது சொல்லிப் புலம்பியிருக்கலாம். அவளுக்கோ கொண்டாட்டம். நாத்தனாரும் அவளும் காய் நறுக்கிக்கொண்டே பேச ஆரம்பித்தால் பாத்திரம் கழுவி முடிக்கும் வரை பேசுவார்கள். "இப்பத்தான் வீடு வீடா இருக்குங்க" என்று அவள் சொன்னபிறகு அவர் எந்த வாயை வைத்துக்கொண்டு குறை சொல்வது? சிரித்தபடியே இருந்தார். ஒரு நாள் ஒரு சத்தம் போட்டிருந்தால் அத்தோடு தீர்ந்திருக்கும். நல்ல அண்ணன் என்ற பட்டத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, எரிச்சலை எல்லாம் உள்ளே தள்ளித் தள்ளிச் சேர்த்து வைத்தார்.

கடைசியில் அது வெடித்தது ஒரு பிரஷ்ஷில். நாலு அங்குல பிரஷ், பதினோரு வருஷமாக அவர் கையில் இருப்பது. முடி தேய்ந்து தேய்ந்து, கோடு இழுத்தால் நூல் பிடித்த மாதிரி வரும் பதத்துக்கு வந்திருந்தது. வேலை முடிந்ததும் கழுவி, எண்ணெய் தடவி, காகிதத்தில் சுற்றித்தான் வைப்பார். தங்கை மகள் பள்ளிக்கூடத்துக்கு அட்டையில் ஏதோ ஒட்டுவதற்கு அதை எடுத்துப் பசையில் தோய்த்திருந்தாள். மறுநாள் அவர் எடுத்துப் பார்த்தபோது பிரஷ் விறகுக்கட்டை மாதிரி இருந்தது.

தங்கை தன் மகளை அடிக்கக் கை ஓங்கினாள். பெயிண்டர் தடுத்தார். "விடும்மா, சின்னப் புள்ள. பரவாயில்ல கண்ணு, மாமா வேற வாங்கிக்கறேன்" என்று அந்தக் குழந்தையின் தலையைத் தடவினார். கெட்டுப்போன பிரஷ்ஷை வழக்கம்போல் காகிதத்தில் சுற்றி வைத்தார்.

அடுத்த நாள் காலை அவர் தங்கையின் புது வீட்டுக்குத் தனியாகப் போனார். உள்சுவர்ப் பூச்சு முடிந்து பதினாறு நாள் ஆகியிருந்தது. அதில் பத்து நாள் பூச்சு இறுகத் தண்ணீர் விட்டது, மூன்று நாள் விடாத மழை. முந்தின நாள் ஹால் சுவரில் தாள் ஒட்டிவிட்டு வந்திருந்தார். அதைப் பார்க்கத்தான் வந்தார். பார்த்தார். தாளின் உள்பக்கம் முழுக்க நீர் கோத்து நின்றது. கீழ் ஓரத்து டேப்பில் தண்ணீர் தேங்கியே இருந்தது. வேறு யார் வீடாக இருந்தாலும் பேச்சே இல்லை, பையைத் தூக்கிக்கொண்டு நடையைக் கட்டியிருப்பார். இன்னும் இருபது நாள், குறைச்சலாகச் சொன்னாலே இருபது நாள்.

இருபது நாள். குளியலறை வாசல், சர்க்கரை டப்பா, காறல், நாற்காலித் துண்டு, எல்லாம் இன்னும் இருபது நாள். அவர் கை தானாக மேல் டேப்பைப் பிரித்தது. தோளில் கிடந்த துண்டால் தாளின் உள்பக்கத்தைத் துடைத்தார். சுவரில் கறுத்துத் தெரிந்த ஈரத்தையும் ஒற்றினார். புது டேப் கிழித்து, பழைய தடத்தின் மேலேயே பார்த்து ஒட்டினார். இந்தக் காரியத்தையும் அவர் வழக்கமான நேர்த்தியோடுதான் செய்தார் என்பதைச் சொல்லத்தான் வேண்டும். தாளில் ஒரு சுருக்கம்கூட இல்லை.

சிறிது நேரத்தில் தங்கையும் கொத்தனாரும் வந்தார்கள். தங்கை தாளுக்குள் மூக்கை நுழைக்காத குறையாகப் பார்த்தாள்.

"ஒரு சொட்டுகூட இல்லண்ணே!"

"காஞ்சிடுச்சு" என்றார் பெயிண்டர்.

கொத்தனார் சுவரில் உள்ளங்கையை வைத்தார். கொஞ்சம் அதிக நேரமே வைத்திருந்தார். பிறகு பெயிண்டரை ஒரு தரம் பார்த்துவிட்டு, "மச்சான் சொன்னா சரி. நாளைக்கே ஆரம்பிச்சிடலாம்" என்றார்.

ஒன்பது நாள் வேலை. அவர் வாழ்க்கையில் அப்படி ஒரு வேலை செய்ததில்லை. சுவரை வழவழப்பாக்கும் பட்டி மாவை இரண்டு கை இழுத்தால் போதும் என்கிற இடத்தில் மூன்று கை இழுத்தார். பல்பைச் சுவரோரம் பிடித்து நிழல் விழுகிற மேடு பள்ளத்தை எல்லாம் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். மேலெல்லாம் வெள்ளைப் பொடி படிந்து, இமை முடி வரை நரைத்த மனிதராக நின்றார். பட்டி காய நேரம் எடுத்தபோது ஏன் என்று அவருக்குத் தெரியும். வீட்டிலிருந்து மின்விசிறியைத் தூக்கி வந்து வைத்தார், ஜன்னல்களைத் திறந்து போட்டார். பிரைமர் அடிக்கும்போது, 'இப்போதுகூட நிறுத்தலாம்' என்று மனசு சொன்னது. முதல் கை பெயிண்ட் அடிக்கும்போதும் சொன்னது. ரோலர் மேலும் கீழும் போய்க்கொண்டே இருந்தது. ஹாலுக்கு வெண்ணெய் நிறம், குழந்தைகள் அறைக்கு வெளிர்நீலம். தங்கை ஒவ்வொரு சுவராகக் கையால் தடவிப் பார்த்து, "பட்டுத்துணி மாதிரி இருக்குண்ணே" என்றாள். அவர் ரோலரைக் கழுவுகிற சாக்கில் வெளியே போய்விட்டார்.

அவர்கள் குடிபோன அன்று பெயிண்டர் காட்டிய சுறுசுறுப்பைப் பார்த்து மனைவியே அசந்துபோனாள். இரண்டு ஆள் தூக்குகிற பீரோவை ஒரு முனையில் ஒற்றை ஆளாகத் தூக்கினார். தங்கை அண்ணியைக் கட்டிக்கொண்டு அழுதாள். "எங்க அண்ணன் ஏழு மாசத்துல ஒரு நாள் மூஞ்சி சுளிச்சதில்லண்ணி" என்று சொல்லிச் சொல்லி அழுதாள். பெயிண்டர் வண்டியில் கயிறு இறுக்கிக்கொண்டிருந்தார்.

மறுநாள் ஆசை தீரக் குளித்தார். நாற்காலியில் சாய்ந்தார். சர்க்கரை முதல் டப்பாவிலேயே இருந்தது. அந்த நிம்மதி ஒரு வாரம் வந்தது. அதற்குள், "வீடே வெறிச்சுன்னு இருக்குங்க" என்று மனைவி சொல்ல ஆரம்பித்துவிட்டாள். அவருக்கும் அப்படித்தான் இருந்தது என்பது அவர் எதிர்பார்க்காத தண்டனை.

நாற்பது நாள் கழித்துத் தங்கை போன் பண்ணினாள். "அண்ணே, செவுரு என்னமோ மாதிரி இருக்கு. ஒரு எட்டு வந்துட்டுப் போயேன்."

என்னமோ மாதிரி என்று அவள் சொன்னதை அவர் வழியெல்லாம் கண்ணால் பார்த்துக்கொண்டே போனார். அப்படியேதான் இருந்தது. ஹால் சுவரில் உள்ளங்கை அகலத்துக்குக் கொப்புளம் கிளம்பியிருந்தது. விரலால் அமுக்கினால் பிசுக்கென்று தண்ணீர் வந்தது. ஜன்னலுக்குக் கீழே சிமெண்டிலிருந்து ஈரம் இழுத்து வந்த உப்பு வெள்ளையாகப் பூத்துத் தரையில் மாவு மாதிரி கொட்டிக் கிடந்தது. குழந்தைகள் அறையில் வெளிர்நீலம் பாளம் பாளமாகக் கழன்று தொங்கியது. அறை முழுக்க ஈரத்துணியை மூட்டை கட்டி வைத்த வாடை. கட்டிலையும் பீரோவையும் நடுவில் இழுத்துப் போட்டுவிட்டு நாலு பேரும் ஒரே அறையில் படுத்துக்கொண்டிருந்தார்கள்.

"நீ பாத்துப் பாத்துச் செஞ்ச வேலைண்ணே. வயிறு எரியுது" என்றாள் தங்கை. அவர் மேல் ஒரு நொடிகூட அவளுக்குச் சந்தேகம் வரவில்லை. காஞ்சாச்சா பார்த்த சுவராயிற்றே! நேராகக் கணவர் பக்கம் திரும்பினாள். "எல்லாம் உங்களாலதான். எந்தக் குப்பை மணலை வாங்கிப் போட்டீங்க?"

கொத்தனார் உப்பைக் கிள்ளி விரலிடுக்கில் தேய்த்துப் பார்த்தார். கழன்ற பெயிண்ட்டின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். பிறகு, "மணல்ல உப்பு இருந்திருக்கும்போல. சரியா அலசாம விட்டுட்டேன். என் தப்புதான்" என்றார்.

இந்த இடத்தில்தான் பெயிண்டர் பேசியிருக்க வேண்டும். வாயைத் திறக்கவும் செய்தார். "சில சமயம் மணல் அப்படி வந்துடும்" என்றார்.

துடைத்தது ஒரு பாவம் என்றால், இது அதைவிடப் பெரியது. அது அவருக்கு அந்த வாக்கியம் முடிவதற்குள்ளேயே தெரிந்துவிட்டது. 

தங்கைக்கு மனசில் ஒன்று, வாயில் ஒன்று கிடையாது. மனசில் உள்ளதெல்லாம் வாய்க்கு வந்துவிடும். பக்கத்து வீட்டில் புலம்பினாள், தண்ணீர் பிடிக்கிற இடத்தில் புலம்பினாள். சொந்த வீட்டுக்கே உப்பு மணலைப் போட்ட கொத்தனார் என்ற சேதி கால் முளைத்து நடந்தது. மருந்துக் கடைக்காரர் மாடி வீட்டுப் பூச்சு வேலையை அவருக்கு என்று சொல்லி வைத்திருந்தார். அது வேறு ஆளுக்குப் போயிற்று. இன்னொரு வீட்டில் பாதி வேலையில், "நாங்க பாத்துக்கறோம்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். இருபத்தைந்து வருஷம் கரண்டி பிடித்த மனிதர், தன்னிடம் தொழில் கற்றவனுக்குக் கீழே செங்கல் அடுக்கப் போனார். பூச்சு வேலைக்கு யாரும் கூப்பிடவில்லை.

ஒரு நாள் டீக்கடையில் யாரோ, "உப்புக் கொத்தனார் வர்றாரு, டீயில உப்பு பாத்துப் போடுங்க" என்றான். கொத்தனார் டீயைக் குடித்துவிட்டுப் போனார். அதே பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெயிண்டரைப் பார்த்து அவன், "அண்ணே, உங்க வேலையையும் சேத்துக் கெடுத்துட்டாரே மனுஷன்" என்று அனுதாபப்பட்டான். பெயிண்டர் பாதிக் கிளாஸை வைத்துவிட்டு எழுந்து நடந்தார்.

சொல்லிவிடலாம் என்று தினமும் நினைத்தார். 'என் கணக்குப் பிசகிப்போச்சு' என்று சொல்லலாம்தான். யார் நம்புவார்கள்? எல்லாருக்கும் பிசகும், காஞ்சாச்சாவுக்குச் சுவரில் பிசகாது. முப்பது வருஷம் பிடிவாதமாகச் சேர்த்த பேர் இப்போது வாசலை மறித்துக்கொண்டு நின்றது. தெரிந்தே செய்தேன் என்றால் தங்கை, 'ஏன்?' என்று கேட்பாள். அந்த ஏனுக்கு ஒரே ஒரு பதில்தான். நீங்கள் என் வீட்டில் இருந்தது எனக்குப் பொறுக்கவில்லை. அதைச் சொன்னால் தங்கை போய்விடுவாள். சொல்லாவிட்டால் தங்கை புருஷனின் பிழைப்பு போய்க்கொண்டே இருக்கும். இரண்டுக்கும் நடுவில் பெயிண்டர் மூன்று வாரம் மென்று விழுங்கிக்கொண்டு திரிந்தார். அந்த மூன்று வாரமும் கொத்தனார் செங்கல் அடுக்கினார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை சுரண்டும் தகடுகளை எடுத்துக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போனார். பெயிண்ட், பட்டி எல்லாவற்றையும் சுரண்டி எடுத்துச் சுவரைத் திறந்து போட்டால்தான் ஈரம் வெளியேறும். கொத்தனாரும் ஒரு தகட்டை எடுத்துக்கொண்டு வந்து நின்றார். குழந்தைகள் தெருவில் விளையாடிக்கொண்டிருந்தார்கள். தங்கை சமையல்கட்டில் இருந்தாள். குழந்தைகள் அறையில் இரண்டு பேரும் ஆளுக்கொரு சுவராக வெளிர்நீலத்தைச் சுரண்டினார்கள்.

ரொம்ப நேரம் கழித்துப் பெயிண்டர், சுவரைப் பார்த்தபடியே, "மாப்ளே, மணல்ல உப்பு இல்ல" என்றார்.

"தெரியும் மச்சான்" என்றார் கொத்தனார். சுரண்டுவதை நிறுத்தவில்லை.

"தெரியுமா?"

"இருபத்தஞ்சு வருஷமா பூசறேன். அன்னிக்குக் கை வெச்சதுமே தெரிஞ்சுது, பச்சை ஈரம்னு."

"அப்பவே ஏன்யா வாயைத் திறக்கல?"

கொத்தனார் இப்போது தகட்டைக் கீழே வைத்தார். "நீங்க காஞ்சிடுச்சுன்னு சொன்னீங்க. ஊருக்கெல்லாம் காயலன்னு சொல்ற ஆளு, எங்களுக்கு மட்டும் காஞ்சிடுச்சுன்னு சொன்னா என்ன அர்த்தம்? எங்களை அனுப்பணும்னு உங்களுக்கு அவ்வளவு இருக்குன்னு புரிஞ்சுது. ஏழு மாசம் வெச்சுச் சோறு போட்டவரு. காயல, இன்னும் இருக்கோம்னு எப்படிச் சொல்றது?"

பெயிண்டருக்கு உடம்பே கூசியது. ஓடி ஒளிய அந்த அறையில் ஒரு மூலைகூட இல்லை.

"இன்னிக்கு அவகிட்ட சொல்லிடறேன்."

"வேணாம் மச்சான்." கொத்தனார் குரலைத் தாழ்த்தினார். "எனக்கு வேலை இன்னிக்கு இல்லேன்னா ஆறு மாசத்துல வரும். அவளுக்கு அண்ணன் வீடுன்னு ஒண்ணுதான் இருக்கு. எங்க அண்ணன் அப்படி, எங்க அண்ணன் இப்படின்னு தெரு முழுக்கச் சொல்லிட்டுத் திரியறா. அது போச்சுன்னா அவளுக்கு எதைக் கொண்டு வந்து தருவீங்க? மணல்னே இருந்துட்டுப் போகட்டும்."

உண்மையைச் சொன்னால் அந்த நிமிஷம் பெயிண்டருக்கு அப்பாடா என்றுதான் இருந்தது. நீதிபதியே வந்து 'நீ வீட்டுக்குப் போ' என்றால் யார் வேண்டாம் என்பார்கள்? தலையை ஆட்டினார். ஆட்டிவிட்டுத் தகட்டை எடுத்து மறுபடியும் சுரண்டத் தொடங்கினார்.

தங்கை மூன்று கிளாஸ் டீயோடு உள்ளே வந்தாள். பாதிச் சுவர் தோலுரிந்து நிற்பதைப் பார்த்ததும் அவளுக்குப் பொத்துக்கொண்டு வந்தது.

"பாருங்க, நல்லாப் பாருங்க. ஞாயித்துக்கிழமையும் அதுவுமா எங்க அண்ணன் வந்து சொரண்டிக்கிட்டு நிக்குது. யாரு செஞ்ச கூத்துக்கு யாரு சொரண்டறது? கொஞ்சமாவது வெக்கமா இருக்கா உங்களுக்கு?"

"இருக்கு, இருக்கு. டீயைக் குடு" என்று கொத்தனார் சிரித்தார்.

அந்தச் சிரிப்பைத்தான் பெயிண்டரால் தாங்க முடியவில்லை. திட்டு வாங்கிப் பழகிப்போன மனிதனின் சிரிப்பு அது. அதைப் பழக்கிக் கொடுத்தது தான்தான்.

"அவரைத் திட்டாதம்மா" என்றார். "மணல் நல்ல மணல். பூச்சும் நல்ல பூச்சு. செவுரு காயல. தாள்ல தண்ணி நின்னுச்சு. நீங்க வர்றதுக்கு முன்னாடி நான்தான் தொடச்சுட்டு மறுபடியும் ஒட்டி வெச்சேன்."

தங்கை சிரித்துவிட்டாள். "சும்மா இருண்ணே. இவரைக் காப்பாத்தறதுக்கு உன் தலையில அள்ளிப் போட்டுக்கறியா? நீயாவது, ஈரச் செவுத்துல பெயிண்ட் அடிக்கிறதாவது! யாராவது கேட்டாச் சிரிப்பாங்க."

தப்பிக்க இன்னொரு கதவும் தானாகத் திறந்தது. சிரித்துக்கொண்டே அதன் வழியாகப் போய்விடலாம். நல்ல அண்ணன் என்ற பட்டத்தின் மேல் இன்னொரு பட்டமும் கிடைக்கும். கொத்தனார் வேறு, 'விடுங்க' என்பதுபோல் கண்ணைக் காட்டினார்.

"நெசமாத்தான் சொல்றேன். நீங்க சீக்கிரம் போகணும்னுதான் அப்படிச் செஞ்சேன்."

"எங்கண்ணே?"

"எங்க வீட்டை விட்டு."

அவள் முகத்தில் இருந்த சிரிப்பு உடனே போகவில்லை. எங்கே போவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது. பிறகு கணவரைப் பார்த்தாள். அவர் டீ கிளாஸுக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்களுக்கும் தெரியுமா?"

கொத்தனார் கிளாஸை மெல்லத் தரையில் வைத்தார். அதுவே போதுமானதாக இருந்தது. அவள் அவர் அருகில் போய், தோளிலும் முடியிலும் படிந்திருந்த நீலப் பொடியைக் கையால் தட்டிவிட்டாள். தட்டி முடித்த பிறகும் கையை எடுக்காமல், "இத்தனை நாளா நான் உங்களை என்ன பேச்சு பேசிட்டேன்" என்றாள்.  கொத்தனார், "அதுக்கு என்ன இப்ப" என்றார்.

பெயிண்டர் நின்றுகொண்டிருந்தார். அவள் கத்தினால் தேவலை என்றிருந்தது. கையில் இருந்த தகட்டைத் தூக்கி வீசினால்கூடத் தேவலை.

"எல்லார்கிட்டயும் நானே போய்ச் சொல்லிடறேம்மா. மருந்துக் கடைக்காரர்கிட்ட, டீக்கடையில, எல்லா எடத்துலயும். மாப்ள வேலை திரும்ப வந்துடும்."

அதை அவள் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை.

"இன்னும் எத்தனை நாள் விட்டிருந்தா காஞ்சிருக்கும்?"

தொழில் கேள்வி. அதற்கு மட்டும் அவர் வாய் தானாகப் பதில் சொன்னது. "இருபது நாள். நல்ல வெயிலுன்னா பதினெட்டு."

"இருபது நாள்." அவள் அதை ஒருமுறை தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். "சொல்லியிருந்தா நாங்க இங்கயே வந்து வாசல்ல ஒரு தார்ப்பாயைக் கட்டிக்கிட்டுப் படுத்திருப்போமே. ஏழு மாசம் வெச்சிருந்த. இன்னும் இருபது நாள் முடியலையாண்ணே?"

அவள் அதட்டவில்லை, குத்திக் காட்டவும் இல்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் கேட்டாள். பதிலுக்காக அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிரஷ்ஷைப் பற்றிச் சொல்லலாமா என்று ஒரு கணம் நினைத்து, அந்த நினைப்புக்கே வெட்கப்பட்டார்.

"முடியலம்மா" என்றார் பெயிண்டர்.

அவள் தலையை ஆட்டினாள். கணவர் கீழே வைத்திருந்த தகட்டை எடுத்துக்கொண்டு போய், அவர் விட்ட இடத்திலிருந்து சுவரைச் சுரண்ட ஆரம்பித்தாள்.